ஒரு காதுல மட்டும் சத்தம்

1/
கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டுப் படிங்க.

"காதுக்குள்ள ங்ஙொய்ய்னு ஒரே சத்தம்" என்று சொல்லும் ஆள் எல்லா வீட்டிலும் ஒருத்தராவது இருப்பார். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ரெண்டு காதுலயும் கேக்குதா, ஒரு காதுல மட்டும் கேக்குதா?

ஒரு அம்மா என்னிடம் இதற்கான பதிலை, நான் கேட்காமலேயே சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பேர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

2/
என்னைப் பற்றி ரெண்டு வரி. ஊர் காஞ்சிபுரம். பொது மருத்துவர். கிளினிக் பிள்ளையார்பாளையம் பக்கம். அப்பா நெசவாளர். வீட்டுக் கூடத்திலேயே குழித்தறி. தறிச் சத்தத்தில்தான் தூங்கினேன், அதே சத்தத்தில்தான் பரீட்சைக்குப் படித்தேன். சத்தம் நின்றால்தான் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு விழிப்பு வரும். பாவு தீர்ந்துபோச்சா, நூல் அறுந்துபோச்சா என்று எட்டிப் பார்ப்போம்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், தறியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில்தான் நான் தப்பு செய்தேன்.

3/
2019 ஆகஸ்ட். அத்திவரதர் வைபவம் முடிந்த நேரம். 40 வருஷத்துக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வரும் பெருமாள், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வைபவம். ஊர் தாங்காத கூட்டம். மயக்கம், வாந்தி, சர்க்கரை இறங்கிப் போனவர்கள், கூட்டத்தில் கால் மிதிபட்டவர்கள் என்று அந்த 48 நாளும் நாங்கள் உட்கார நேரமில்லாமல் ஓடினோம்.

அது முடிந்த அடுத்த வாரம் ஒரு அக்கா வந்தார். வயது 50-ஐத் தாண்டியவர். நெசவாளர். என் அப்பாவைத் தெரிந்தவர். என்னை "டாக்டர் தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

4/
"இடது காதுல ஒரு சத்தம் தம்பி. சில்வண்டு கத்துற மாதிரி. ஆறேழு மாசமா இருக்கு. ராத்திரி படுத்தா தாங்கல."

காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். குறும்பி இல்லை. செவிப்பறை சுத்தமாக இருந்தது. பிரஷர் பார்த்தேன், சரியாக இருந்தது.

"ஒண்ணுமில்லக்கா. முப்பது வருஷமா தறியில உக்காந்திருக்கீங்க. அந்தச் சத்தத்துல நரம்பு கொஞ்சம் களைச்சுப் போயிருக்கும். வயசும் ஆகுதில்ல?"

வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். வெளியே இன்னும் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

5/
எழுந்து போகும்போது கதவருகே நின்று இன்னொன்று சொன்னார்.

"கோர்வைக்கு மருமவ பக்கத்துல உக்காந்திருப்பா தம்பி. அவ கூப்பிட்டா இப்பல்லாம் எனக்குக் கேக்க மாட்டேங்குது. திமிரா இருக்கேன்னு நினைச்சுக்கிறா."

நான் சிரித்தேன். "மாமியார் மருமக விஷயத்துக்கெல்லாம் என்கிட்ட மருந்து இல்லக்கா" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

6/
வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடை நூலால் நெய்து, சேரும் இடத்தில் கோர்த்துக்கொண்டே போவார்கள். அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் ஒருவர், அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கத்து நாடாவைத் தள்ளித் தருபவர் ஒருவர்.

இடப்பக்கம். அதாவது அந்த அக்கா எனக்கு முழு நோயையும் சொல்லிவிட்டுத்தான் போனார். இடது காதில் சத்தம், இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் பேசுவது கேட்கவில்லை. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை எனக்கு அது உறைக்கவில்லை.

7/
இன்னொன்றும் உறைக்கவில்லை. தறிச் சத்தம் ரெண்டு காதுக்கும்தானே போகிறது? சத்தத்தால் கேடு என்றால் ரெண்டு காதும்தானே சேர்ந்து கெட வேண்டும்? வயசானாலும் அப்படித்தானே? ஒரு காதுக்கு மட்டும் எப்படி வயசாகும்?

எம்.பி.பி.எஸ். மாணவனே கேட்கக்கூடிய கேள்வி இது. அன்றைக்கு நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

8/
2020 மார்ச் 25. ஊரடங்கு. தறிகள் நின்றுபோயின. பட்டுக்கடைகள் மூடின. ஏகாம்பரநாதர் கோயில், வரதராஜப் பெருமாள் கோயில், காமாட்சி அம்மன் கோயில் எல்லாம் பக்தர்கள் இல்லாமல் கிடந்தன. கல்யாண மேளம் இல்லை, டூரிஸ்ட் பஸ் ஹாரன் இல்லை. இந்த ஊரை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் ராத்திரி படுத்திருந்தேன். எங்கேயோ டிரான்ஸ்பார்மர் இரைகிற மாதிரி ஒரு சத்தம். எழுந்து ஃபேனை அணைத்தேன். ஃபிரிட்ஜை அணைத்தேன். மொட்டை மாடி வரைக்கும் போய்ப் பார்த்தேன்.

சத்தம் என் வலது காதுக்குள்தான் இருந்தது.

9/
மருத்துவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்தியம் பார்க்கும் லட்சணம் உங்களுக்குத் தெரியும். குறும்பியாக இருக்கும் என்றேன். டென்ஷன் என்றேன். தூக்கம் சரியில்லை, என்95 மாஸ்க் போட்டுப் போட்டுக் காதுப்பக்கம் இறுகிவிட்டது என்றெல்லாம் சொல்லிக்கொண்டேன். அப்படியே ஐந்து மாதம் போனது.

செப்டம்பரில் ஒரு நோயாளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். இடது கையில் எழுத வேண்டி வந்தது (நான் இடதுகைக்காரன்). போனை வலது காதுக்கு மாற்றினேன். அவர் பேசுவது கேட்டது, ஆனால் வார்த்தை புரியவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். திரும்ப இடது காதில் வைத்தேன். பளிச்சென்று புரிந்தது.

அன்றைக்குத்தான் பயம் வந்தது.

10/
மேசை டிராயரில் டியூனிங் ஃபோர்க் இருந்தது. 512 ஹெர்ட்ஸ். இரண்டு கால் உள்ள ஒரு எஃகு முட்கரண்டி, அவ்வளவுதான். 1711-ல் ஜான் ஷோர் என்ற ஆங்கிலேய டிரம்பெட் வாசிப்பவர் சுருதி சேர்ப்பதற்காகக் கண்டுபிடித்தது. பிறகு மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அதைத் தட்டி நெற்றியின் நடுவில் வைத்தால் ஒலி ரெண்டு காதிலும் சமமாகக் கேட்க வேண்டும். குறும்பி அடைப்போ நடுக்காதில் நீரோ இருந்தால் அந்தக் கெட்ட காதுப் பக்கம் சத்தமாகக் கேட்கும். உட்காதிலோ நரம்பிலோ கோளாறு என்றால் நல்ல காதுப் பக்கம் போகும்.

எனக்கு இடப்பக்கம் போனது. அதாவது வலது காதில் குறும்பி இல்லை. பிரச்சினை உள்ளே.

11/
காது மூக்கு தொண்டை மருத்துவரான கல்லூரி நண்பனிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் கேட்கும் திறன் பரிசோதனை எடுத்தான். ஆடியோகிராம் என்பார்கள். இடது காதுக் கோடு நேராகப் போனது. வலது காதுக் கோடு உயர்ந்த அலைவரிசைக்கு வந்ததும் படிக்கட்டு மாதிரி இறங்கியது.

"எம்.ஆர்.ஐ. எடுத்துடுடா."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் கேட்டேன்.

12/
எதற்கு என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

உட்காதிலிருந்து மூளைக்கு எட்டாவது நரம்பு போகிறது. அதில் ஒரு கிளை கேட்பதற்கு, இன்னொன்று உடம்பின் சமநிலைக்கு. கபால எலும்பில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளக் குழாய் வழியாக அது போகிறது. அதே குழாயில்தான் முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பும் போகிறது. ஒரே பைப்பில் ரெண்டு ஒயர் இழுத்த மாதிரி.

சமநிலை நரம்பின் உறையிலிருந்து சிலருக்கு ஒரு கட்டி வளரும். வெஸ்டிபுலர் ஷ்வான்னோமா என்று பேர். பழைய பேர் அக்கூஸ்டிக் நியூரோமா. இது புற்றுநோய் அல்ல. உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவாது. மிக மெதுவாக வளரும், பலருக்கு வளராமலேயே கிடக்கும். ஆனால் இருக்கும் இடம் மோசமான இடம்.

13/
முதல் அறிகுறி பெரும்பாலும் ஒரு காதில் கேட்கும் திறன் குறைவது, ஒரு காதில் மட்டும் சத்தம், போனில் பேச்சு புரியாமல் போவது. வலி இருக்காது. அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. பெரிதானால் மூளைத்தண்டை அழுத்தும். நடை தள்ளாடும், முகம் மரத்துப்போகும்.

அவெஞ்சர்ஸ் படத்தில் ஹல்க்காக வரும் மார்க் ரஃபலோ தெரியுமா? 2000-களின் தொடக்கத்தில் அவருக்கு இந்தக் கட்டிதான் வந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். சில மாதங்கள் முகத்தின் ஒரு பக்கம் அசையவில்லை. முகம் திரும்பி வந்தது, இடது காது திரும்பவில்லை. இன்றுவரை ஒரு காதோடுதான் நடித்துக்கொண்டிருக்கிறார்.

14/
பயப்படாதீங்க. இது அரிதான நோய். ஒரு காதில் சத்தம் என்று ஸ்கேன் எடுப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் கட்டி இருக்கும், அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். மிச்சப் பேருக்கு ஸ்கேன் நார்மல்.

ஆனால் நூற்றில் அந்த ஒருவர் யார் என்று டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் தெரியாது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. சி.டி. ஸ்கேனிலும் சின்னக் கட்டி தப்பிவிடும். எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். சில மில்லிமீட்டர் கட்டியைக்கூட அது காட்டிக்கொடுக்கும். இந்த ஸ்கேனுக்கு வழி கண்ட பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003-ல் மருத்துவ நோபல் கொடுத்தது சும்மா இல்லை.

15/
நவம்பரில் ஸ்கேன் எடுத்தேன். வெளியே உட்கார்ந்திருந்த என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. கழற்றிக் கொடுத்த வாட்சையும் மோதிரத்தையும் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

உள்ளே ஒரு குழாய். தலையை அசைக்க முடியாதபடி கூண்டு. காதில் பஞ்சடைப்பான். கையில் ஒரு ரப்பர் பந்து, பயமாக இருந்தால் அமுக்கச் சொன்னார்கள். இது எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு அல்ல, காந்தம். 1.5 டெஸ்லா மெஷின் என்றால் பூமியின் காந்தத்தைப்போல சுமார் 30,000 மடங்கு.

பிறகு சத்தம் ஆரம்பித்தது.

16/
டக் டக் டக் டக். கொஞ்சம் நிறுத்தம். டடக் டடக் டடக்.

அச்சு அசலாகத் தறி. கண்ணை மூடினால் எங்கள் வீட்டுக் கூடம். அப்பா குழிக்குள் கால் வைத்து மிதியை மிதிக்கிறார். பக்கத்தில் அம்மா உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுகிறாள்.

அம்மா எந்தப் பக்கம் உட்காருவாள் என்று யோசித்தேன். இடப்பக்கம்.

அப்போதுதான் அந்த அக்கா ஞாபகத்துக்கு வந்தார். "மருமவ கூப்பிட்டா கேக்க மாட்டேங்குது தம்பி."

அந்தக் குழாய்க்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ரப்பர் பந்தை அமுக்கவில்லை. அமுக்கி யாரிடம் என்ன சொல்வது?

17/
என் ஸ்கேன் நார்மல்.

ரிப்போர்ட்டைப் படித்ததும் மனைவி அழுதாள். நான் போன் எடுத்து, கிளினிக்கில் நோட்டு எழுதும் பையனிடம் 2019 ஆகஸ்ட் நோட்டைத் தேடச் சொன்னேன்.

அந்த அக்கா பேருக்கு நேராக என் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது. இடது காதில் சத்தம், ஆறு மாதம். அடுத்து மாத்திரை பேர். நானே "இடது" என்று எழுதியிருக்கிறேன். எழுதிய கைக்குத் தெரிந்தது எழுதியவனுக்குத் தெரியவில்லை.

எனக்கு ஒரு காதில் சத்தம் வந்ததும் ஆடியோகிராம், நண்பன், ஸ்கேன். அவருக்கு வைட்டமின் மாத்திரை. இத்தனைக்கும் "எதுக்கு அவங்களுக்கு வீண் செலவு" என்று அன்றைக்கு ஒரு நல்லெண்ணமும் எனக்கு இருந்தது. ஸ்கேன் என்றால் கோர்வை நெய்பவருக்கு எத்தனை நாள் கூலி என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் சொல்லிவிட்டு, முடிவை அவரிடம் விட்டிருக்கலாம். நானே முடிவெடுத்துவிட்டேன்.

18/
அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். ஊரடங்கில் தறி நின்று, அப்போதுதான் மறுபடி பாவு ஏற்றியிருந்தார்கள். குழியிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். தள்ளாட்டம்.

"சத்தம் எப்படி இருக்குக்கா?"

"அது அப்படியேதான் இருக்கு தம்பி. காதுதான் இப்ப சுத்தமா கேக்கல. நீங்கதான் வயசுன்னு சொன்னீங்களே."

குத்திக்காட்டும் தொனியே இல்லை. டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய தொனி.

"நான் சொன்னது தப்புக்கா. ஒரு ஸ்கேன் எடுக்கணும்" என்றேன்.

19/
ஸ்கேனுக்கு முன்னால் ஒரு பிரச்சினை. தாலி. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் உலோகம் எதுவும் உள்ளே வரக்கூடாது. சூடேறலாம், படமும் கெடும். மெட்டி, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாம் கழற்ற வேண்டும்.

முப்பது வருஷத்துக்கு மேல் கழற்றாத தாலி. காமாட்சி அம்மன் சன்னதிக்குப் போய்விட்டு வந்து, மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்ட பிறகுதான் கழற்றினார். ஸ்கேன் டெக்னீஷியன் அவசரப்படுத்தவில்லை. நல்ல பிள்ளை.

நம்ம ஊருக்கென்று இன்னொரு எச்சரிக்கை: ஜரிகை. பட்டு நூல்மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது அது. சிலதில் செம்பும் இருக்கும். எல்லாமே உலோகம். கரைப் புடவையும் ஜரிகை வேட்டியுமாக ஸ்கேனுக்குப் போகாதீங்க. அங்கே கொடுக்கும் பருத்தி உடையைப் போட்டுக்கோங்க.

20/
அவருக்குக் கட்டி இருந்தது. 2.6 சென்டிமீட்டர். குழாயைத் தாண்டி வெளியே வந்து மூளைத்தண்டை ஒட்டி நின்றது.

இந்தக் கட்டிக்கு மூன்று வழி உண்டு. சின்னதாக இருந்தால் வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே இருக்கலாம். வளர்ந்தால் காமா நைஃப் போன்ற துல்லியக் கதிர்வீச்சு. பெரிதாக இருந்து மூளைத்தண்டைத் தொட்டால் அறுவை சிகிச்சை.

ஆபரேஷன்தான் என்று முடிவானது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை கையில் இருந்தது. 2021 ஜனவரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்தது. பல மணி நேரம்.

21/
முந்தின நாள் ராத்திரி பார்க்கப் போயிருந்தேன். மருமகள் தட்டில் இட்லி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

அக்கா கேட்டார்: "தம்பி, அப்பவே எடுத்திருந்தா காது நின்னிருக்குமா?"

நான் ஒரு வருஷமாக எதிர்பார்த்த கேள்வி போலத் தோன்றியது. உண்மையில் எனக்கு அந்தக் கேள்வி தெரிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"உறுதியா சொல்ல முடியாதுக்கா. சின்னக் கட்டிக்கே சிலருக்குக் காது போயிடும். ஆனா அப்ப எடுத்திருந்தா சின்னதா இருந்திருக்கும். காதைக் காப்பாத்த வாய்ப்பு இருந்திருக்கும். அந்த வாய்ப்பை நான்தான் விட்டுட்டேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தாங்கத்தான் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

22/
கட்டியை எடுத்துவிட்டார்கள். இடது காது முழுதாகப் போய்விட்டது. இடப்பக்க முகம் நாலைந்து மாதம் சோர்ந்திருந்தது. கண் மூடாது. ராத்திரி சொட்டு மருந்து விட்டு, பிளாஸ்திரி ஒட்டி மூட வேண்டும். அதைத் தினமும் செய்தவள் மருமகள்.

முகம் மெல்லத் திரும்பி வந்தது. நடை வந்தது. சத்தம் மட்டும் போகவில்லை. பலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் சத்தம் இருக்கும். ஸ்கேனும் ஆபரேஷனும் சத்தத்தை நிறுத்துவதற்கு அல்ல, சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைப் பிடிப்பதற்கு.

23/
ஆறு மாதம் கழித்து கிளினிக்குக்கு வந்தார். நான் தயங்கித் தயங்கி மன்னிப்பு கேட்டேன். மருத்துவர்கள் இதை அதிகம் செய்வதில்லை. எப்படிச் செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை.

அவர் சொன்னது இதுதான்:

"சுந்தரருக்கு ரெண்டு கண்ணும் போச்சு. நம்ம ஏகாம்பரநாதர் இடது கண்ணை மட்டும்தானே குடுத்தாரு? இன்னொண்ணை வாங்க அவரு திருவாரூர் வரைக்கும் நடந்தாரு. சாமியே நம்ம ஊர்ல ஒண்ணுதான் குடுத்துச்சு, நீங்க எம்மாத்திரம் தம்பி? எனக்கு ஒரு காது போதும்."

அப்புறம், "அந்த வைட்டமின் மாத்திரைக் காசைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றார்.

கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

24/
இப்போது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

ரெண்டு காதிலும் சத்தம், கேட்பதும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால் பெரும்பாலும் ஸ்கேன் தேவையில்லை. வயது, அதிகச் சத்தத்தில் வேலை, சில மாத்திரைகள் காரணமாக இருக்கலாம். நீங்களாகப் போய் ஸ்கேன் எடுத்துப் பணத்தைத் தொலைக்காதீங்க. ஆடியோகிராம் மட்டும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. எல்லாருக்கும் ஸ்கேன் வேண்டாம். ஒரு காதில் மட்டும் சத்தம், நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் சத்தம், ரெண்டு காதுக்கும் கேட்பதில் வித்தியாசம், நரம்புக் கோளாறு அறிகுறி, இந்த நான்கில் ஒன்று இருந்தால்தான்.

25/
இவற்றைத் தள்ளிப்போடாதீங்க:

ஒரு காதில் மட்டும் விடாமல் சத்தம். போனில் ஒரு காதில் பேச்சு புரியவில்லை. "லப் டப்" என்று இதயத் துடிப்போடு சத்தம் (இதற்கு ரத்தக்குழாயையும் சேர்த்துப் பார்க்கும் ஸ்கேன் தேவைப்படலாம்). சத்தத்தோடு தள்ளாட்டம், முகத்தில் மரப்பு.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். குறும்பிதானே என்று எண்ணெய் ஊற்றிக் காத்திருக்காதீங்க. ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ரெண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

26/
ஸ்கேனுக்குப் போகும்போது இவற்றைச் சொல்லிவிடுங்கள்: பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளையில் கிளிப், கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு (கேடோலினியம் என்ற ஊசி மருந்து போடலாமா என்று முடிவு செய்ய). ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் லேத், வெல்டிங் வேலை பார்ப்பவர்கள் எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் விழுந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். காந்தம் அதை அசைத்துவிடும்.

மூடிய இடம் பயம் என்றால் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். வழி இருக்கிறது.

27/
ஸ்கேன் நார்மல் என்று வந்தவர்களுக்கு: "அப்ப சத்தம் எங்கேர்ந்து வருது? எல்லாம் மனப்பிரமையா?" இல்லை.

உட்காதில் ஒலியைப் பிடிக்கும் நுண்ணிய மயிர்செல்கள் சில செத்துப்போயிருக்கும். அவை மறுபடி முளைக்காது. அங்கிருந்து தகவல் வராததால், ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோவுக்கு வால்யூம் கூட்டுவது மாதிரி மூளை தன் வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது. அந்த இரைச்சல்தான் கேட்கிறது.

இதை நிறுத்த நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்றைக்கு இல்லை. ஆயிரக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு யாராவது தந்தால் வாங்காதீங்க. கேட்பது குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி உதவும். முழு அமைதியில் படுக்காமல் மெல்லிய சத்தம் ஏதாவது வைத்துக்கொள்வது உதவும். மன உளைச்சல் அதிகமானால் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை நன்றாகவே உதவும்.

28/
என் வலது காதில் இப்போதும் சத்தம் இருக்கிறது. ஃபேன் ஓடினால் மறைந்துவிடும். காலையில் தெருவில் தறிகள் ஓட ஆரம்பித்தால் சுத்தமாக மறந்துவிடும். நம்ம தெருவில் தறிகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருவது வேறு கதை.

அந்த அக்கா மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டார். மருமகள் இப்போது கூப்பிடுவதில்லை, தோளைத் தட்டுகிறாள்.

என் மேசையில், பிரஷர் மெஷினுக்குப் பக்கத்திலேயே டியூனிங் ஃபோர்க் இருக்கிறது. காது என்று யார் சொன்னாலும் முதலில் அதைத்தான் எடுக்கிறேன். வெளியே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் சரி.

29/
இன்னிக்கு ராத்திரி வீட்டில் அம்மா அப்பாவிடம் கேளுங்கள். "காதுல சத்தம் கேக்குதா? எந்தக் காதுல?" அப்புறம் போனை இந்தக் காதிலும் அந்தக் காதிலும் மாற்றி வைத்துப் பேசச் சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் ஒன்றுமில்லை என்று சொன்னால், "ஆடியோகிராம் ஒண்ணு எடுத்துப் பாத்துடலாமா சார்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. அந்த அக்கா என்னிடம் அப்படி ஒருமுறை கேட்டிருந்தால் நான் கோபித்துக்கொண்டிருப்பேன். ஆனால் எழுதிக் கொடுத்திருப்பேன்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.